ஒரு முறம் தவிடு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா மேல் எனக்குப் பொறாமை உண்டு. இல்லை என்று யாரிடமும் நான் சாதித்ததில்லை. வயிறு எரிகிறது என்கிறார்களே, அது வெறும் பேச்சில்லை. நிஜமாகவே எரியும், வெறும் வயிற்றில் காரக்குழம்பைக் குடித்த மாதிரி. ஆனால் பொறாமைப்படுவது வேறு, சூனியம் வைப்பது வேறு. இந்த வித்தியாசம் எங்கள் பார்வதி அத்தைக்குத் தெரியவில்லை. அதனால்தான் நடந்ததை நானே சொல்லவேண்டியிருக்கிறது.

அக்காவின் பெயர் கார்குழலி. பெயருக்குக் குறை வைக்காமல் இடுப்புக்குக் கீழே இறங்கும் சடை. என் பெயர் தாமரைச்செல்வி, எனக்கு இருப்பது எலிவால். அவளுக்கு இருபத்திரண்டு வயது, நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். நான் பன்னிரண்டாம் வகுப்பு. முத்தியால்பேட்டையில் மில் தொழிலாளிகள் குடியிருந்த ஒரு சந்தில் எங்கள் வீடு. மில் மூடிய பிறகு அப்பா வடிவேல் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா கன்னியம்மாள் பீச் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் அறைகளைப் பெருக்கித் துடைக்கிறாள்.

முடி போகட்டும். நிறம், சம்பளம், சிரித்தால் விழும் கன்னக்குழி, எல்லாம் போகட்டும். என் எரிச்சல் முழுவதும் ஒரே ஒரு சொல்லின் மேல்தான். அம்மா அக்காவை "எம் மவளே" என்று கூப்பிடுவாள். "எம் மவளே, வந்துட்டியா." "எம் மவளே, ஒரு வாய் தின்னுட்டுப் போ." என்னை எப்படிக் கூப்பிடுவாள் தெரியுமா? "ஏய்." அவ்வளவுதான். "ஏய், தட்ட எடுத்துக்க." நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், அப்பாவிடம் "அது சாப்புட்டுச்சா?" என்று கேட்பாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் அப்பாதான் ஆட்டோவை ஓரம்கட்டிவிட்டு வருவார். அம்மா ஒருமுறைகூட வந்து, நான்தான் இவளோட அம்மா என்று டீச்சர் முன்னால் நின்றதில்லை.

சின்ன வயதில் அக்கா ஒருநாள் என்னிடம், "ஒன்னத் தவுட்டுக்கு வாங்குனோம்டி" என்றாள். எங்கள் சந்தில் எல்லா அக்காக்களும் எல்லாத் தங்கச்சிகளையும் அப்படித்தான் கிண்டல் செய்வார்கள், அம்மாக்கள் சிரிப்பார்கள். எங்கள் அம்மா அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்து அக்காவின் வாயிலேயே ஒன்று போட்டாள். அக்கா வாழ்க்கையில் வாங்கிய ஒரே அடி அது. எனக்காக அடித்தாள் என்று நான் கொஞ்ச நேரம் மிதந்தேன். பிறகு பார்த்தால், அம்மா அழுதுகொண்டே அக்காவைத்தான் மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னொன்று, என் மூக்கு. பிறந்த குழந்தையாக இருந்தபோதே எனக்கு மூக்குக் குத்தியிருக்கிறார்கள். அக்காவுக்குக் குத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அம்மா பாத்திரம் விளக்கப் போய்விடுவாள்.

கோபம் வந்தால் நான் போய் உட்கார எங்கள் வீட்டில் ஒரு மூலை இருக்கிறது. சமையலறைக்குப் பக்கத்தில், அரிசி டிரம்முக்குப் பின்னால். அங்கே சாமி படமோ சிலையோ கிடையாது. சுவரில் ஒரு கை அளவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கும். வெள்ளிக்கிழமை அந்தி நேரத்தில் அம்மா அங்கே விளக்கேற்றுவாள். யாருக்கு என்று கேட்டால் "பூவாடைக்காரிக்கு" என்பாள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பூவாடைக்காரி உண்டு. கல்யாணமாகாமலோ பூவும் பொட்டுமாகவோ செத்துப்போன அந்த வீட்டுப் பெண்ணைத்தான் அப்படிக் கும்பிடுவார்கள். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால், அவளைத் தண்ணீரிலிருந்து அழைத்துவந்து புதுச்சேலை வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். எங்கள் வீட்டுப் பூவாடை யாரோ ஒரு பழைய கொள்ளுப்பாட்டி என்று நினைத்திருந்தேன். அந்த மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து முணுமுணுத்தால் என் கோபம் ஆறிவிடும். யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கும்.

இந்தத் தை மாதம் அக்காவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. இளம்பரிதி. கோரிமேட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்று நான்தான் காபி கொடுத்தேன். அவர் டம்ளரை வாங்கினாரே தவிர, யார் கொடுத்தது என்று பார்க்கவில்லை. கண் முழுக்க அக்கா மேல். மாசிக் கடைசியில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது.

அன்று சாயங்காலம் அம்மா அக்காவுக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். "எம் மவளுக்கு மணவறையில சவுரியே தேவப்படாது" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். நான் சீப்போடு போய் நின்றேன்.

"எனக்கும் பின்னி வுடேம்மா."

"ஒனக்குக் கை எட்டும்ல. நீயே பின்னிக்க."

மூலைக்குப் போனேன். "இவளுக்கு மட்டும் என்ன அப்படி ஒரு முடி வேண்டிக்கிடக்கு" என்று சுவரிடம் சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் அக்கா போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவள் சடை முழுவதும் ஒரே கட்டியாகத் திரண்டு, படகுக் கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. ராத்திரி படுக்கும்போது அவிழ்த்து உதறிப் பின்னிய சடை. சீப்பு இறங்கவில்லை, விரல் நுழையவில்லை. உள்ளே பழுப்பாக ஏதோ தூள் அப்பியிருந்தது. எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், மாட்டுக்கு வைக்கிற தவிடு. எங்கள் சந்தில் மாடே கிடையாது. அம்மா என் கையைத் தட்டிவிட்டு அதைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினாள். முகத்தில் ரத்தமே இல்லை. கடைசியில் பியூட்டி பார்லர்காரி வந்து கழுத்தோடு வெட்டி எடுத்தாள். அக்கா கண்ணாடியைப் பார்த்து அழுதாள். நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால், மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் அவள் கழுத்து அவ்வளவு ஒல்லி என்பதைப் பார்த்தேன். என்னவோ போலாகிவிட்டது.

அடுத்தது சேலை. நிச்சயதார்த்தத்துக்கு மாம்பழ நிறத்தில் பட்டு எடுத்தார்கள். எனக்கு சண்டே மார்க்கெட்டில் ஒரு சுடிதார். பட்டைத் தடவிப் பார்த்த என் கையை அம்மா விலக்கினாள். "அழுக்காயிடும், எம் மவ கட்டுறது." மறுபடியும் மூலை, மறுபடியும் முணுமுணுப்பு. இரண்டு நாள் கழித்து பீரோவைத் திறந்தால், பட்டின் முந்தானை முழுக்கக் கடித்துக் குதறியிருந்தது. எலி என்றார் அப்பா. பூட்டிய பீரோவுக்குள் எலி எப்படிப் போகும்? கடிவாய் ஒவ்வொன்றும் சின்னதாக, அரைவட்டமாக, பிஸ்கட்டைக் குழந்தை கடித்துவைத்த மாதிரி இருந்தது. பீரோத் தட்டில் ஒரு சிட்டிகைத் தவிடு. அம்மா துடைப்பத்தோடு வருவதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்கவேண்டும். தட்டவில்லை. ஏனென்றால் அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு எரிச்சல். அக்கா மொட்டைமாடியில் இளம்பரிதியோடு போனில் பேசுவாள். சின்னக் குரலில், சிரித்துச் சிரித்து. எனக்கு அந்த ஆள் வேண்டாம், சத்தியமாக வேண்டாம். ஆனால் ஒருத்தர் தன் குரலுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. "என்னா கொஞ்சல், என்னா குரலு" என்று சுவரிடம் நாலு வார்த்தை திட்டினேன்.

மறுநாள் அக்காவுக்குக் குரல் போய்விட்டது. தொண்டை வலி, சளி, ஜுரம் எதுவும் இல்லை. வாயைத் திறக்கிறாள், காற்றுதான் வருகிறது. டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இளம்பரிதி போன் செய்யும்போதெல்லாம் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணீர் விடுவாள். அவர் அந்தப் பக்கத்திலிருந்து தனியாகவே பேசிக்கொண்டிருப்பார்.

இந்த நேரம் பார்த்து அரியாங்குப்பத்திலிருந்து பார்வதி அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு விசேஷங்களில் அவள் மேல்தான் சாமி வரும். அந்த கெத்து அவள் நடையிலேயே தெரியும். வந்தவள் வெட்டிய முடியைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், அக்காவை வாயைத் திறக்கச் சொன்னாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது செய்வினதான் வடிவேலு. வெளியிலேர்ந்து வரல. வூட்டுக்குள்ளயே கண்ணு கெடக்கு. கூடப் பொறந்ததே சூனியம் வக்கிதே, நான் எங்கன்னு போயி சொல்றது."

"யார சொல்ற அத்த?" என்றேன்.

"கேக்குறவளத்தான் சொல்றேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. சின்ன வயதில் அக்காவின் பேசும் பொம்மை தலை வேறு உடம்பு வேறாகக் கிடந்தபோதும் என்னைத்தான் சொன்னார்கள். நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தேன், அவர் செருப்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எம் பொண்ணு அப்படிச் செய்யமாட்டா என்று சொல்ல வாய் எவ்வளவு வலித்துவிடும்? அவள் அக்காவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

மூலைக்குப் போய் முகத்தைச் சுவரில் வைத்து அழுதேன். "இவ ஒருத்தி இல்லாமலே போனா எல்லாருக்கும் தெரியும்" என்றேன். வாயில் வந்ததைச் சொல்வதுதான். கோபத்தில் யார்தான் சொல்வதில்லை? சொன்னதையெல்லாம் மனுவாக வாங்கிக்கொள்ள அங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

விடிந்தபோது அக்கா கண்ணைத் திறந்தபடி பாயில் கிடந்தாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. தண்ணீர் ஊற்றினால் கடைவாயில் வழிந்தது. பாயைச் சுற்றிக் கோலம் போட்ட மாதிரி ஒரே சீராகத் தவிடு சிந்தியிருந்தது, நாலு பக்கமும். இந்தத் தடவை அம்மா துடைப்பத்தை எடுக்கவில்லை. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குளுக்கோஸ் ஏறியது, தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒரு கோளாறும் இல்லை, ஆனால் நாடி மட்டும் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே போகிறது என்றார்கள். இளம்பரிதி கடையை மூடிவிட்டு வராந்தாவிலேயே கிடந்தார். நான் கட்டிலோரம் நின்று அக்காவின் காலைப் பிடித்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. முடி, சேலை, குரல், இப்போது ஆள். மூலையில் உட்கார்ந்து நான் சொன்ன அதே வரிசையில். அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மா வராந்தாவில் தனியாக இருந்தாள். போய் எதிரில் நின்றேன்.

"அந்த மூலையில யாரு இருக்கா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அங்க ஒக்காந்து என்ன சொல்றனோ அதான் நடக்குது. ஒவ்வொரு தடவயும் தவுடு. ஒனக்குத் தெரியும். நீதான் கூட்டிக் கூட்டித் தள்றியே. சொல்லு, யாரு?"

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு, "ஒனக்கு ஒரு பெரியக்கா இருந்தா" என்றாள். "குழலிக்கும் மூத்தவ. அமுதவல்லி."

அரியாங்குப்பத்தில் இருந்தபோது நடந்தது. அமுதாவுக்கு ஆறு வயது, குழலி கைக்குழந்தை. அதுவரை ஒற்றைப் பிள்ளையாக இருந்த அமுதாவுக்குத் தங்கச்சியைக் கண்டாலே ஆகாது. நீ அவள மட்டும் எம் மவளேன்னு கூப்புடுற, என்னையும் கூப்புடு என்று நாள் முழுக்க முந்தானையைப் பிடித்து இழுப்பாளாம். வேலைச் சலிப்பில் அம்மா, போடி அந்தாண்ட என்று தள்ளிவிட்டிருக்கிறாள். அந்த வாரமே விஷக் காய்ச்சலில் அமுதா போய்விட்டாள். பிறகு அம்மாவுக்கு வயிற்றில் நின்றதெல்லாம் கலைந்தது. கடைசியில் நான் பிறந்தேன், பிழைக்காத குழந்தை மாதிரி நீலம் பாரித்து. மூத்தவள் பொறாமையில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொள்கிறாள் என்றாள் அத்தை. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை யாருக்காவது ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். மூக்கைக் குத்திவிடுவார்கள். நம் பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால் சாவு தேடி வராது. எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்பார்கள். என் அம்மா என்னை அமுதாவுக்கே விற்றுவிட்டாள். பூவாடை மூலையில் என்னைக் கிடத்தி, அவள் பேரில் அங்கே வைத்த ஒரு முறம் தவிட்டை விலையாக எடுத்துக்கொண்டு, "இது ஒம் புள்ள, இனி நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டாள்.

"அன்னைலேர்ந்து ஒன்ன நான் மவன்னு சொல்லல. சொன்னா குடுத்தத திருப்பிக் கேட்ட மாதிரி ஆயிடும். அவ கூட்டிட்டுப் போயிடுவா. நீ உசுரோட இருந்தா போதும்னு இருந்துட்டேன்." அம்மா என் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னாள். "திருப்பி வாங்கிடலாம். தவுட்டத் திருப்பிக் குடுத்து, எம் மவளக் குடுன்னு கேக்கணும். ஒன்ன வாங்கிட்டா, ஒம் பேச்சக் கேட்டு அவ ஒண்ணும் செய்யமாட்டா. குழலி எழுந்துடுவா."

கட்டிலில் அக்கா செத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கோ காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது. அம்மா என்னை எம் மவளே என்று சொல்லப்போகிறாள். நான் அவ்வளவு கெட்டவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கையெழுத்துப் போட்டு அக்காவை வெளியே கொண்டுவந்தார். காலை வெயில் ஏறுவதற்குள் குருசுக்குப்பம் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அலையைத் தடுக்கக் கொட்டியிருந்த கருங்கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்சம் மணல் இருந்தது. அங்கே பாயை விரித்து அக்காவைக் கிடத்தினோம். வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள் பூவாடை அழைக்கிறார்கள் என்று பார்த்ததும் எழுந்து ஒதுங்கிப் போனார்கள். அத்தை மஞ்சள் குடத்தில் கடல்தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, புதுச்சேலை வைத்து, கற்பூரம் ஏற்றினாள். பிறகு கொண்டையை அவிழ்த்து விட்டுக்கொண்டு கண்ணை மூடித் தயாராக நின்றாள். அம்மா மாட்டுத்தீவனக் கடையில் வாங்கிய தவிட்டை முறத்தில் ஏந்தியிருந்தாள்.

அத்தை மேல் ஒன்றும் வரவில்லை. பாயிலிருந்து அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"தவுடு வாணாம்," என்றாள்.

வாய் அக்காவுடையது. குரல் அவளுடையது இல்லை. முன்பல் விழுந்த சின்னக் குழந்தையின் குரல், நடுவில் காற்று போனது. அப்பா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவருக்கு அந்தக் குரல் மறக்கவில்லை.

"ஆத்தா, ஒனக்குப் புதுச்சேல வச்சிருக்கோம்" என்று அத்தை கும்பிட்டாள்.

"அது பெருசு. எனக்குக் கட்டத் தெரியாது."

அம்மா முறத்தை நீட்டினாள். "அமுதா, தவுட்ட வாங்கிக்க சாமி. எம் ம..."

"குடுக்க மாட்டேன். நீதான குடுத்தே. அவ எம் புள்ள. அவ அழுதா நான்தான் கூட ஒக்காந்திருந்தேன். அவ யாரு மேல கோச்சிக்கிட்டாலும் நான்தான் அடிச்சேன். நீ வந்தியா? ஒரு நாளாச்சும் வந்தியா?"

அம்மா முறத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் என்னவோ குளிர்ந்தது. எனக்காக ஒருத்தி அம்மாவிடமே சண்டை போடுகிறாள். இத்தனை வருஷமும் எனக்கு யாரும் இல்லை என்று நான் அழுததெல்லாம் அவள் மடியில்தான். பொம்மையை உடைத்ததும் எனக்காகத்தான்.

"அவள நீ எடுத்துக்கிட்டின்னா, இவள நான் கூட்டிட்டுப் போயிடுவேன்," என்றாள் அமுதா. அக்காவின் கையை எடுத்து அக்காவின் நெஞ்சையே தொட்டுக் காட்டினாள்.

"ஒனக்கு நான் என்னடி கொற வச்சேன்?" அம்மா அழுதாள். "வாரந்தவறாம வெளக்கு வக்கிறேனே."

"இவள எம் மவளேன்னு கூப்புடுற. எனக்குக் காது கேக்கும். தெனமும் கேக்குது."

அந்தக் கரையில் இருந்த ஒருவருக்கும் அது புரியவில்லை. அத்தை பொங்கல் படைக்கலாமா என்கிறாள், அப்பா கையெடுத்துக் கும்பிடுகிறார். எனக்கு மட்டும் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தச் சொல் தனக்கு வராதா என்று நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பதில் என்னைவிடக் கைதேர்ந்தவள் யார் இருக்கிறாள்? அவள் வயிறும் என் வயிறும் ஒரே மாதிரி எரிந்திருக்கிறது, அதே வீட்டில், அதே மூலையில்.

"அம்மா, மொறத்தக் கீழ வை," என்றேன்.

"என்னாடி ஒளர்ற" என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு அத்த. அம்மா, என்ன வாங்காத. அவளக் கூப்புடு. குழலியக் கூப்புடுற மாரியே கூப்புடு."

அம்மா என்னைப் பார்த்தாள். நேராக, முழுசாக என்னைப் பார்த்தது அன்றுதான். "அப்பறம் ஒன்ன நான் எப்பவுமே..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

"தெரியும். கூப்புடுன்றேன்ல."

இதைத் தியாகம் கியாகம் என்று யாரும் சொல்லிவிடவேண்டாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். கையில் கிடைத்த தின்பண்டத்தை அடுத்தவளுக்குக் கொடுக்கச் சொன்னால் குழந்தை எப்படிக் கொடுக்குமோ, அப்படித்தான் கொடுத்தேன்.

அம்மா முறத்தை வைத்துவிட்டுப் பாயில் மண்டியிட்டாள். அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "அமுதா," என்றாள். "எம் மவளே. எந்தங்கமே. எம் மொத மவளே. ஒன்னத் தள்ளி வுட்டுட்டேனேடி. எம் மவளே, எம் மவளே..." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள், சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டுகிறவள் மாதிரி. நான் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு நின்றேன். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்றிருந்தது, பொத்தவில்லை. அக்காவின் முகத்தில் ஒரு சின்னப் பிள்ளை சிரித்தாள். சிரித்தபடியே என் பக்கம் திரும்பி, "இவ எம் புள்ள" என்று அம்மாவிடம் பெருமையாகக் காட்டினாள்.

பிறகு அக்கா அம்மா மடியில் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கரகரத்த சொந்தக் குரலில், "அம்மா, தண்ணி" என்றாள். அப்பா ஓடினார். முறத்திலிருந்த தவிட்டைக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரையெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் எல்லாரும் ஏறினார்கள். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். என்னைக் கூப்பிட வாயைத் திறந்தவள், ஒரு கணம் தடுமாறி, "ஏய், ஏறு" என்றாள். நான் முன்னால் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா தேறிவிட்டாள். நிச்சயதார்த்தத்தைப் பங்குனிக்குத் தள்ளிவைத்தார்கள். வெட்டிய முடியே நன்றாக இருப்பதாக இளம்பரிதி சொன்னாராம், அதையும் என்னிடம் வந்து சொல்லிக் காட்டுகிறாள். பார்வதி அத்தை ஊருக்குப் போகும்போது என் தலையைத் தடவப் பார்த்தாள், நான் நகர்ந்துகொண்டேன். நான் மூலைக்குப் போய், "பெரியக்கா, நான் சொல்றதையெல்லாம் செஞ்சிடாத, சும்மா வாய்க்கு வந்தது பேசுவேன்" என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை சொல்லிவைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தியில் அம்மா அந்த மூலையில் விளக்கேற்றினாள். ஆறு வயதுப் பிள்ளை போடுகிற அளவில் ஒரு பாவாடை சட்டையும் வைத்திருந்தாள். "எம் மவளே அமுதா" என்று கூப்பிட்டாள். எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. இத்தனை நாள் ஒருத்தி மேல் பொறாமை, இனிமேல் இரண்டு பேர் மேல் படவேண்டும். எழுந்து வெளியே போகத் திரும்பினேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. விளக்கைப் பார்த்தபடியே பேசினாள்.

"எம் மவளே, ஒம் புள்ள மத்தியானத்துலேர்ந்து சாப்புடல. கோச்சிக்கிட்டா அவ சாப்புட மாட்டா, ஒனக்குத் தெரியும். மல்லாக்கொட்ட சட்னின்னா ரெண்டு தோச கூடத் திம்பா, அரச்சி வச்சிருக்கேன். பரிச்ச வருது, கண்ணு முழிச்சிப் படிக்கிறா, கண்ணு சொருகிக் கெடக்கு. எலிவாலுன்னு அவளே சொல்லிக்கிறா. நல்ல முடிதான் அவளுக்கு, எண்ண காட்டாம காயப் போட்டுட்டா. நாளைக்கு நான் எண்ண வச்சி வுடுறேன். ஒம் புள்ளைக்குத்தான் வக்கிறேன், நீ கோச்சிக்கக் கூடாது. அவளச் சாப்புடச் சொல்லு, எம் மவளே."

நான் நிலைப்படியிலேயே நின்றேன். பிறகு போய் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, அந்த மூலைக்குப் பக்கத்தில், அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன்.